உங்கள் பெயரில் எடுங்கள்: கனடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ, சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ படிப்புக்கும் வேலைக்குமாக ரொறன்ரோவில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ ஒரு பேஸ்மென்டில் இடம் பிடித்து, வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டு, அடுத்ததாக நீங்கள் போய் நிற்கிற இடம் போன் கடை. அங்கே நடக்கும் கிரெடிட் செக் உங்களில் பலருடைய மனதை நோகடித்திருக்கிறது. ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் போன் கடையில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். "உங்களுக்கு இது கிடையாது" என்று கேட்டதும் உங்கள் முகம் சுருங்குவதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அதற்கான காரணத்தை விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. அப்பா காணியை ஈடு வைத்து, வங்கியில் கல்விக் கடன் எடுத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறார். ஜி.ஐ.சி. என்ற உத்தரவாத வைப்பாக ஆயிரக்கணக்கான டொலர் உங்கள் பெயரில் இங்குள்ள வங்கியில் கிடக்கிறது. விசா அதிகாரி வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் புரட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். இவ்வளவையும் தாண்டி வந்தவரிடம் ஒரு கடைக்காரப் பிள்ளை கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐந்நூறு டொலர் முதலில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ப்ரீபெய்ட் எடுங்கள்" என்றால் யாருக்குத்தான் சுடாது? நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்களோ, விசாவைப் பார்த்துச் சொல்கிறார்களோ என்று மனம் எங்கெல்லாமோ போகும்.

அந்தத் திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயர், பிறந்த திகதி, முகவரி, அடையாள அட்டை விவரம் இவற்றைப் பதிந்ததும் அது ஈக்விஃபாக்ஸ் அல்லது டிரான்ஸ்யூனியன் நிறுவனத்துக்குப் போகிறது. கனடாவில் ஆட்களுடைய கடன் வரலாற்றைத் திரட்டி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இந்த இரண்டும்தான். 300-இலிருந்து 900 வரை போகும் உங்கள் கிரெடிட் ஸ்கோரை நான் ஒருநாளும் கண்டதில்லை. யாரிடம் கடன் வாங்கினீர்கள், எவ்வளவு மிச்சம் என்பதும் எனக்குத் தெரியாது. திரையில் வருவது முடிவு மட்டும்: எத்தனை இணைப்புக் கொடுக்கலாம், போனைத் தவணையில் கொடுக்கலாமா, டெபாசிட் வாங்க வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு. வந்து இரண்டு கிழமையான உங்களுக்கு அந்த நிறுவனங்களில் கோப்பே இருக்காது. உங்களைப் பற்றிக் கெட்டதாக எதுவும் அங்கே எழுதியில்லை, எதுவுமே எழுதியில்லை. இந்தியாவில் சிபில் ஸ்கோர் 800 இருந்தாலும், இலங்கையில் கிரிப் அறிக்கை சுத்தமாக இருந்தாலும், அந்தக் கடைக் கணினி பொதுவாக அதைப் பார்ப்பதில்லை. உங்களை மறுத்தது, அந்த வெற்றுப் பக்கம்தான்.

ஆனால் ஒரு போன் கொடுக்க எதற்காக ஒரு கம்பெனி இதையெல்லாம் பார்க்க வேண்டும்? கடைக்குள் வரும்போது நீங்கள் சாமான் வாங்க வருகிறீர்கள். கம்பெனியோ உங்களுக்குக் கடன் கொடுக்க உட்காருகிறது. 1,200 டொலர் பெறுமதியான போனை "இப்போது ஒன்றும் கட்டத் தேவையில்லை" என்று கையில் தருகிறார்கள். மாதம் 50 டொலர் வீதம் 24 மாதத்தில் கழியும். அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு நீங்கள் காணாமற்போனால், கம்பெனி யாரைத் தேடும்? கார்க் கடன் நின்றுபோனால் காரை இழுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக் கடன் நின்றுபோனால் வீட்டை விற்கலாம். போனை அப்படிப் பிடிக்க முடியாது. இங்கே கறுப்புப் பட்டியலில் போட்டு முடக்கினாலும், கப்பலேறிப் போன பிறகு வேறொரு நாட்டில் அது நன்றாக வேலை செய்யும். அடுத்தவருடைய அடையாளத்தைத் திருடி வந்து, விலை கூடிய போன்களாக வாங்கிக்கொண்டு போவதையே தொழிலாக வைத்திருக்கும் கும்பல்கள் உண்டு. உங்கள் பெயரையும் முகவரியையும் சரிபார்ப்பதில் அவர்களைத் தடுக்கும் நோக்கமும் சேர்ந்திருக்கிறது. நாளைக்கு உங்கள் பெயரிலேயே வேறொருவர் போன் எடுக்க வந்தால், அதே சோதனை உங்களைக் காப்பாற்றவும் கூடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. இப்போது அதன் பலம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஊருக்குப் போய் டேட்டாவைத் திறந்து வைத்தவருக்கு ஒரு மாதத்திலேயே ஆயிரக்கணக்கில் பில் வரலாம். 2013 டிசம்பரில் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி.யின் வயர்லெஸ் கோட் என்ற விதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, நீங்கள் சம்மதிக்காமல் ஒரு பில் காலத்தில் கூடுதல் டேட்டாவுக்கு 50 டொலருக்கு மேலும், ரோமிங் டேட்டாவுக்கு 100 டொலருக்கு மேலும் அவர்கள் ஏற்ற முடியாது. ஆகவே இன்றைக்குக் கம்பெனி பயப்படுவது பெரும்பாலும் அந்தக் கைபேசியின் விலைக்குத்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த போனையே வைத்துக்கொண்டு வெறும் சிம் மட்டும் கேட்பவரிடமும் சில இடங்களில் கெடுபிடி செய்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த வழக்கம் செல்போனோடு பிறந்ததும் இல்லை. ஈக்விஃபாக்ஸின் ஆதி வடிவம் 1899-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கிய ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி. அதைத் தன் சகோதரரோடு தொடங்கிய கேட்டர் வுல்ஃபர்ட், அதற்கு முன் சட்டனூகா நகரத்து மளிகை வியாபாரிகளுக்காக, எந்த வாடிக்கையாளர் ஒழுங்காகக் கடன் அடைக்கிறார் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர். நம்முடைய ஊர்ச் சந்திக் கடையில் முதலாளி வைத்திருக்கும் கடன் கொப்பியேதான் அது. "இன்னாருடைய மகன்" என்றால் ஒரு கிலோ சீனி கடனாகக் கிடைக்கும். ஊருக்குப் புதிதாக வந்த ஆசிரியர் முதல் மாதம் கைக்காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊரில் அப்பாவின் பெயர் உங்களுக்கு ஈடாக நின்றது. இங்கே யாருடைய மகன், யாருடைய மகள் என்று எவரும் கேட்பதில்லை. கொப்பியில் உங்களுடைய சொந்தப் பெயர் ஏற வேண்டும், அதன் கீழே நீங்களே கட்டிய கணக்கு இருக்க வேண்டும்.

அதற்காகக் கடைக்காரர் கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போன் இணைப்பு எடுக்க சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேலை கொடுப்பவருக்கும், வட்டி தரும் வங்கிக் கணக்குக்கும், வரித் திணைக்களத்துக்கும் அது தேவை. போன் கடைக்கு வேறு அடையாள அட்டை போதும். கேட்டால், "வேறு எதைக் காட்டலாம்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். அடுத்தது, ஒரு கடையில் மறுத்ததும் ஆத்திரத்தில் பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை என்று ஏறி இறங்காதீர்கள். கடன் கேட்டு நடக்கும் ஒவ்வொரு விசாரணையும் உங்கள் கோப்பில் பதிகிறது. ஒன்று இரண்டால் பெரிய நட்டமில்லை. ஆனால் வெறுமையாக இருக்கும் கோப்பில் ஒரே பிற்பகலில் வரிசையாக விசாரணைகள் விழுந்தால், நீங்கள் பண நெருக்கடியில் அலைகிறவரைப் போலத் தோற்றமளிப்பீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மட்டும் ஸ்கோர் குறையாது. இரண்டு நிறுவனங்களும் அதை இலவசமாகத் தருகின்றன.

டெபாசிட் கட்டியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டிவிட்டு மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெபாசிட் கேட்கும் கம்பெனி அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். எந்த நிபந்தனையில் திருப்பித் தருவோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இன்னும் பிடித்து வைத்திருப்பது தேவைதானா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நிபந்தனை நிறைவேறினாலோ கணக்கு முடிந்தாலோ, நீங்கள் கட்டவேண்டிய பாக்கி போக மிச்சத்தை 30 நாளுக்குள் வட்டியோடு தர வேண்டும். இதெல்லாம் அதே வயர்லெஸ் கோடில் இருக்கிறது. தராவிட்டால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் சி.சி.டி.எஸ். என்ற முறைப்பாட்டு அமைப்பு இருக்கிறது. உங்களிடம் ஒரு சதம் வாங்காமல் விசாரிப்பார்கள். ஒரு வாரச் சம்பளத்தைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிரெடிட் செக்கில் மறுத்ததும் உங்களில் பலர் எடுக்கும் வழி எனக்குத் தெரியும். பேஸ்மென்ட் வீட்டுக்கார அங்கிளையோ, அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரியையோ கூட்டிக்கொண்டு அடுத்த நாள் அதே கடைக்கு வருவீர்கள். "பிள்ளை வந்து புதுசு, என்ரை பேரில ஒரு லைன் போடுங்கோ" என்று அவர் சொல்வார். நம் ஆட்கள் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள். தாங்கள் வந்த காலத்தில் யாரோ செய்த உதவியை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்தோடு போனும் கடனும் பிரிந்துவிடுகின்றன: போன் உங்கள் பையில், கடன் அவர் பெயரில்.

முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்யும் ஓர் அம்மா எங்கள் கடைக்கு வருவார். கணவரின் மருமகனுக்கும், அவனுடைய அறைத் தோழனுக்குமாகத் தன் பெயரில் இணைப்புகள் எடுத்துக் கொடுத்திருந்தார். சில மாதம் காசு ஒழுங்காகக் கைக்கு வந்தது. பிறகு பிள்ளைகள் இருவரும் வேலை தேடி ஆல்பர்ட்டா போனார்கள். நம்பரும் மாறியது. பில் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை, வேலை முடிந்த சீருடையோடு, கடன் வசூலிக்கும் கம்பெனியின் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என் கவுண்டரில் விரித்தார். கடிதம் மடிப்புத் தேய்ந்து போயிருந்தது. பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். "நான் ஒருநாளும் ஒருத்தருக்கும் கடன் வைக்கேல்லை தம்பி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக் கடனுக்குக் கேட்டுப் போன இடத்தில் வங்கிக்காரர் சொல்லித்தான் அவருக்கே அது தெரியவந்திருக்கிறது. என்னால் செய்ய முடிந்ததெல்லாம், எந்த இலக்கத்துக்கு அழைத்துப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது மட்டும்தான். காசை அவர்தான் கட்டினார். கட்டிய பிறகும் அந்தப் பதிவு உடனே அழியவில்லை. கனடாவில் இப்படி வசூலுக்குப் போன கணக்கு பொதுவாக 6 வருடம் கோப்பில் நிற்கும்.

அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகைக்கும் கட்டணத்துக்கும் ஓடிய ஓட்டத்தில், தங்கள் பெயர் இல்லாத ஒரு பில் அவர்கள் நினைவிலிருந்து விலகிப்போயிருக்கிறது. நம் பெயரில் இல்லாத கடன் நம்மை உறுத்துவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருப்பீர்கள். அத்தனை நல்ல பெயரும் அங்கிளுடைய கோப்பில் சேர்ந்திருக்கும். உங்கள் கோப்பு விமானத்திலிருந்து இறங்கிய நாளில் இருந்தபடியே கிடக்கும்.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கொஞ்ச நாள் போய் உங்கள் பெயரில் கோப்புத் திறந்த பிறகு, யாரோ தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வருவார். "உன் பெயரில் இரண்டு போன் எடுத்துத் தா, கையில் இப்பவே காசு தாறன், மாத பில்லை நானே கட்டுறன், மூன்று மாதத்தில் கான்சல் பண்ணிவிடலாம்" என்பார். பகுதிநேர வேலை கிடைக்காமல் திண்டாடும் நேரத்தில் அந்தக் காசு பெரிதாகத் தெரியும். பெட்டி பிரிக்காத போன்களோடு அவர் போவார், பில்கள் உங்களுக்கு வரும். "நான் ஏமாந்துவிட்டேன்" என்று நீங்கள் சொன்னாலும் ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, கமராவில் இருப்பது உங்கள் முகம். மாணவர்களையும் புதிதாக வந்தவர்களையும் குறிவைத்து இது நடக்கிறது. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அப்படிக் கேட்பவரிடம் வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

ஒரு போன் பில் இவ்வளவு தூரம் போகுமா என்று சிலர் கேட்பார்கள். போகும். பேஸ்மென்டை விட்டு ஓர் அபார்ட்மென்டுக்கு மாறப் பார்க்கும்போது ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முதலில் கேட்பவற்றில் ஒன்று கிரெடிட் அறிக்கை. கார்க் கடனுக்கும் அதுதான், ஒருநாள் வீட்டுக் கடனுக்கும் அதுதான். அங்கே ஒரு எண்பது டொலர் போன் பாக்கி, "வசூலுக்குப் போனது" என்ற குறிப்போடு நிற்குமானால், தொகை சின்னது என்று யாரும் இரக்கப்படுவதில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? வந்த முதல் மாதங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த போனே போதும். லொக் இல்லாத போனா என்று மட்டும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரீபெய்ட் சிம்முக்கு முன்கூட்டியே காசு கட்டிவிடுவதால் கிரெடிட் செக் தேவைப்படாது. அதை எடுப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. எத்தனையோ கனேடியர்கள் வருடக்கணக்காக அதையே வைத்திருக்கிறார்கள். ப்ரீபெய்ட் பொதுவாக உங்கள் கோப்பில் எதையும் எழுதாது என்பது மட்டும்தான் அதன் குறை. அதற்கு வங்கியைப் பிடியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கென்று கிரெடிட் வரலாறு கேட்காமல் கடன் அட்டை தரும் திட்டங்கள் பெரிய வங்கிகளில் இருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் டெபாசிட் வைத்து எடுக்கும் அட்டை இருக்கிறது. அதில் சாப்பாட்டுச் சாமானும் பஸ் காசும் மட்டும் போடுங்கள், செலவை அட்டையின் கடன் எல்லையில் 30 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். சில மாதங்களில் கோப்புக்கு உயிர் வரும். அதன் பிறகு மாதாந்தப் பில் கணக்குக்குக் கேளுங்கள். அந்தப் பில் தானாகவே வங்கியிலிருந்து போகும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள், ஏனென்றால் பரீட்சைக் காலத்தில் எதுவும் நினைவில் நிற்காது.

படிப்பு முடிந்தோ பெர்மிட் முடிந்தோ ஊருக்குப் புறப்படுகிறவர்கள், விமான நிலையத்தில் சிம்மைக் கழற்றி எறிந்தால் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கம்பெனிக்கு அழைத்து ரத்துச் செய்து, போனில் மிச்சமிருக்கும் தவணையைக் கட்டி, கடைசிப் பில் சைபராகிவிட்டது என்று மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரமாட்டோம் என்று போனவர்கள் நிரந்தர வதிவிடம் கிடைத்துத் திரும்பி வந்ததை நிறையவே கண்டிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இப்போது உங்கள் கையிலிருக்கும் போன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கிள் பெயரிலோ ஆன்டி பெயரிலோ இருந்தால், இந்த மாதப் பில்லை அவர் கேட்பதற்கு முன் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் கோப்பு தயாரான உடனே இருவருமாகக் கம்பெனியோடு கதைத்து, அந்த இணைப்பின் பொறுப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம்பர் மாறாது. உங்களுக்குக் கிரெடிட் செக் செய்வார்கள், செய்யட்டும். அதில் மறுத்துவிட்டால், போனில் மிச்சமிருக்கும் காசைக் கட்டி முடித்துவிட்டு, அதே நம்பரை ஒரு ப்ரீபெய்ட் கணக்குக்குக் கொண்டுபோங்கள். எப்படிச் செய்வதென்று தெரியாவிட்டால், எந்த போன் கடையிலும் நிற்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட அந்த மனிதர் வீட்டுக் கடனுக்கோ காருக்கோ வங்கி வாசல் ஏறும் நாளுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
கவுண்டருக்குப் பின்னால் நின்ற உங்கள் அண்ணன் ஒருவன்